மந்தமா, பசியா?

"அவனுக்குப் படிப்பு மண்டையில் ஏறாது" என்று ஒரு பிள்ளையைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏறவிடாமல் தடுப்பது எது என்று கேட்பவர் சிலரே. விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அக்கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

வளர்ந்த மனிதரின் மூளை, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. 5 வயதுக் குழந்தையின் மூளைக்கோ இதைப்போல் இரு மடங்குக்கும் மேல் வேண்டும். இரண்டு வயதிற்குள் மூளை தன் முழு அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அந்நாட்களில் இரும்புச்சத்து குறைந்தால், நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறை சரிவர அமைவதில்லை. கவனமும் நினைவாற்றலும் குன்றுகின்றன. ஆக, படிப்புக்கான அடித்தளம் பள்ளியில் சேருமுன்பே இடப்படுகிறது.

எனவே தமிழகத்தின் உணவுத் திட்டங்களை வெறும் தருமமாகக் கருதலாகாது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயதை எட்டாத 2 முதல் 5 வயதுக் குழந்தைகளையும் பந்தியில் அமர்த்தியது. 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது.

சோறு மட்டும் போதுமா? போதாது. கவலையும் அறிவைத் தின்னும். தமிழகக் கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2013இல் வெளியாயிற்று. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில் சிந்தனைத் தேர்வுகளில் பின்தங்கியவர்கள், அறுவடை முடிந்து பணம் வந்தபின் மேலும் நன்றாகச் செய்தனர். அதே மனிதர்கள்தாம், கையிருப்பு ஒன்றே வேறு.

இது எனக்குப் புதிதன்று. என் தந்தை சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுபவர். பாவு வராத வாரங்களில் வீட்டில் மளிகைக் கடைப் பாக்கிப் பேச்சுத்தான் நடக்கும். புத்தகம் விரித்திருக்கும், ஒரு வரியும் உள்ளே போகாது. தறி ஓடத் தொடங்கியதும் அதே பாடம் விளங்கிவிடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரர்களான தோழர்கள் சிலர் பத்தாம் வகுப்போடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியர் ஆவோம். கடைசி பெஞ்சில் தூங்கி விழும் பிள்ளையை "மந்தம்" என்று முடிவு கட்டுமுன், "காலைல சாப்பிட்டியா கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேட்போம்.