சேற்று வயலுக்கும் மலைப் பாதைக்கும் ஏற்ற சில்லுகள்

பதுளை மாவட்ட நெற் கமக்காரருக்கும் மரக்கறிக் கமக்காரருக்கும் உரிய குறிப்புக்கள்

உழவு இயந்திரம் வாங்கச் செல்லும் கமக்காரர் அதன் குதிரை வலுவைக் கேட்கின்றார். எரிபொருட் செலவைக் கேட்கின்றார். உதிரிப் பாகங்கள் கிடைக்குமா எனவும் விசாரிக்கின்றார். சில்லைப் பற்றிக் கேட்பவர் சிலரே. ஆயினும், எஞ்சின் பிறப்பிக்கும் வலு முழுவதும் சில்லு நிலத்தைத் தொடும் சிறிய இடத்தினூடாகவே மண்ணைச் சென்றடைகின்றது. அவ்விடத்தில் சில்லு வழுக்குமாயின், எரிபொருளும் நேரமும் வீணாகும்; வரம்பும் பாதையும் சிதையும்; சரிவான இடமாயின் உயிருக்கும் ஆபத்து நேரும். 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற எவருக்கும் ஒரு லீற்றரின் அருமையைக் கூற வேண்டியதில்லை. எனவே, சில்லுகளைத் தெரிவு செய்யும் முறையை இங்கு விளக்குவோம்.

நமது நிலத்தின் இயல்பு

ஊவா மாகாணத்தில் ஒரே விதமான நிலம் இல்லை. மகியங்கனைப் பகுதியில் வயல்கள் தாழ்ந்தும் அகன்றும் கிடக்கின்றன. வெலிமடை, ஊவா பரணகம, ஹாலி-எல ஆகிய இடங்களில் வயல்கள் படிப்படியாய் மலைச்சரிவில் ஏறுகின்றன. சிறுபோகத்தில் அவ்வயல்களிலேயே உருளைக்கிழங்கும் போஞ்சியும் பயிராகின்றன. பசறை, நமுனுகுலை, அப்புத்தளை ஆகிய பகுதிகளில் மரக்கறி மூடைகள் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகச் செல்லும் ஒடுங்கிய பாதைகளால் இறங்கிச் சந்தையை அடைய வேண்டும். வடகீழ்ப் பருவ மழை பெய்யும் மாதங்களில் இப்பாதைகள் சேறாகி வழுக்குகின்றன. ஆதலால், அயலவர் பூட்டிய ரயரைப் பார்த்து அதையே நாமும் பூட்டுதல் பொருந்தாது. அவரவர் நிலத்தைப் பார்த்தே தெரிவு செய்தல் வேண்டும்.

சேறு இரு வகை

முதலாவது வகை, மேலே சேறும் அடியிலே உறுதியான தரையும் உள்ள சேறு. தோட்டத்துக் கல் பரவிய பாதைகளும், நெடுங்காலம் நெல் விளைந்த வயல்களும் இவ்வகையின. வயலில் மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய ஒரு படை அமைந்திருக்கும். நீரைக் கீழே கசிய விடாது தாங்குவதும் அதுவே, இயந்திரத்தைத் தாங்குவதும் அதுவே. இத்தகைய சேற்றில் ஆழமான பற்களையுடைய ஒடுங்கிய சில்லு சேற்றைப் பிளந்து அடித்தரையைப் பற்றும். அகன்ற சில்லோ சேற்றின் மேல் மிதந்து வழுக்கும்.

இரண்டாவது வகை, அடியில் உறுதி இல்லாத ஆழ்ந்த சேறு. ஊற்று நீர் சுரக்கும் பள்ளங்களில் இதனைக் காணலாம். இங்கே பாரம் பரந்து நிற்க வேண்டும். ஆகவே அகன்ற சில்லு அல்லது இரும்புச் சில்லு வேண்டும்.

ஆழம் அறியாமற் காலை விடாதே என்பர். இயந்திரத்தை இறக்குமுன் ஒரு தடியை வயலின் நாற்புறமும் நடுவிலும் ஊன்றிப் பாருங்கள். தடி இறுகிய படையிற் பட்டு நிற்கும் ஆழம் சில்லின் அச்சு உயரத்தை அணுகுமாயின், அவ்வயலில் இயந்திரத்தை இறக்காதீர்கள்.

ரயரின் மேலுள்ள இலக்கங்கள்

இரு சில்லு உழவு இயந்திரத்தின் ரயரில் பெரும்பாலும் 6.00-12 என எழுதப்பட்டிருக்கும். முதல் இலக்கம் ரயரின் அகலம், இரண்டாவது அது பொருந்தும் றிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். நாற்சில்லு இயந்திரத்தின் பின் ரயரில் காணப்படும் 13.6-28 என்பதன் பொருளும் இவ்வாறே.

ஜீப் முதலிய வாகனங்களின் ரயரில் 235/75ஆர்15 போன்ற குறி இருக்கும். 235 என்பது மில்லிமீற்றரில் அகலம். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதைக் காட்டும். ஆர் என்பது ரயரின் உள்நூல்கள் ஆரைப் போக்கில் அமைந்தவை என்பதைக் குறிக்கும். 15 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம்.

இவையன்றி, பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் உண்டு. 3524 என இருப்பின் அந்த ரயர் 2024 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இறப்பர் வெயிலிலும் காற்றிலும் முதுமை அடைவது. பல் தேயாத பழைய ரயரைப் புதியதென எண்ணி வாங்கி ஏமாறாதிருக்க இவ்விலக்கத்தைப் பார்த்தல் நலம்.

பற்களின் அமைப்பு

எருமையின் குளம்பை உற்று நோக்குங்கள். பிளவுபட்ட அக்குளம்பு சேற்றில் ஊன்றும்போது விரிகின்றது. எடுக்கும்போது ஒடுங்கிச் சேற்றை விடுகின்றது. நல்ல ரயரின் பல்லும் அவ்வாறே மண்ணைப் பற்றவும் வேண்டும், பற்றிய மண்ணை விடவும் வேண்டும். பற்களுக்கு இடையே மண் நிரம்பி நின்றால் ரயர் வழுவழுப்பான உருளையாகிவிடும்.

உழவு இயந்திர ரயர்களில் ஆர்-1 என்பது பொதுவான உழவுக்கு உரியது. ஆர்-2 என்பது நெல், கரும்பு வயல்களுக்கு உரியது. அதன் பல் ஆர்-1 இன் பல்லைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆழமானது. வருடத்தின் பெரும்பகுதி சேற்றிலேயே உழைக்கும் இயந்திரத்துக்கு ஆர்-2 ஏற்றது. பாதி நாட்கள் தார் வீதியில் பெட்டி இழுக்கும் இயந்திரத்துக்கு ஆர்-1 போதும். உயர்ந்த பற்கள் தாரில் விரைவாகத் தேய்ந்துவிடும்.

ரயரைப் பூட்டும் திசையையும் அவதானிக்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி முன்செல்லும் சுழற்சியைக் காட்டுகின்றது. கூர்ப்பாய் இணையும் பற்களின் முனை முதலில் நிலத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் சேறு இருபுறமும் வெளியே தள்ளப்படும். சரியாகப் பூட்டிய சில்லின் தடத்தில் அக்கூர்முனை இயந்திரம் வந்த திசையை நோக்கியிருக்கும்.

இரும்புச் சில்லு

சேறடிக்கும் காலத்தில், ‘கேஜ் வீல்’ எனப் பெயர் வழங்கும் இரும்புக் கூட்டுச் சில்லு ரயரினும் மேலானது. ரயரின் பக்கத்தில் சேர்த்துப் பூட்டும் வகையும், ரயரைக் கழற்றிவிட்டுப் பூட்டும் வகையும் உண்டு. இதனால் பாரம் பரந்து நிற்பதோடு, சேறும் நன்கு குழம்பும். சேற்றில் இறங்கும் இயந்திரத்துக்கு மேலதிக இரும்புப் பாரங்கள் வேண்டியதில்லை, இருப்பின் கழற்றிவிடுக.

இரும்புச் சில்லுடன் வரம்பைக் கடக்கும்போது பலகை இட்டுக் கடத்தல் வேண்டும். படிவயல்களில் மேல் வரம்பு உடையின் அதன் கீழுள்ள வயல்கள் எல்லாம் மண்ணால் மூடப்படும். தார் வீதியில் இச்சில்லுடன் செல்லுதல் கூடாது.

பொறியியலாளர் றே விஜேவர்தன (1924–2010), 1950-களில் இரு சில்லு உழவு இயந்திரத்தை நம் வயல்களுக்கு ஏற்றவாறு அமைக்க உழைத்தவர். அவரே பிற்காலத்தில், எருமையை விட்டு இயந்திரத்துக்கு மாறுவதனால் சிறு கமக்காரருக்கு மெய்யாகவே நன்மை உண்டோ என்று வினவினார். ஒடுங்கிய படிவயலை உடையோர் அவ்வினாவைத் தாமும் எண்ணிப் பார்த்தல் தகும்.

வழுக்கலை அளத்தல்

சில்லில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இடுங்கள். கலப்பையை உயர்த்தி, சில்லு பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பின்னர் கலப்பையை இறக்கி உழுது, அதே பத்துச் சுற்றின் தூரத்தை அளவுங்கள். முன்னது 20 மீற்றரும் பின்னது 17 மீற்றரும் ஆயின், வழுக்கல் நூற்றுக்கு 15 ஆகும். ஈரமற்ற நிலத்தில் இவ்வளவு தகும். நூற்றுக்கு 20 ஐ மிகவும் தாண்டுமாயின், பல் தேய்ந்ததோ, காற்று மிகுந்ததோ, கலப்பை ஆழமாக இறங்கியதோ எனப் பார்த்துத் திருத்துக.

ஜீப்பும் மாற்றுச் சில்லுகளும்

மரக்கறி ஏற்றும் ஜீப், கப் வாகனங்களுக்குப் பெரிய சேற்று ரயரும் அலங்காரச் சில்லும் பூட்டும் வழக்கம் இளைஞரிடையே பரவியுள்ளது. பணம் செலவிடுமுன் இக்கணக்கைப் பாருங்கள்.

235/75ஆர்15 ரயரின் முழு விட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீற்றர். அதே றிம்மில் 31 அங்குல ரயரைப் பூட்டினால் விட்டம் 787 மில்லிமீற்றர் ஆகின்றது. வாகனம் 27 மில்லிமீற்றர் வரை உயரும். வேகமானி 60 எனக் காட்டும்போது மெய்யான வேகம் 64 ஆக இருக்கும். ஒவ்வொரு கியரிலும் இழுவை குறையும். பிரேக்கும் முன்னிலும் கூடிய வலுவுடன் பிடிக்க வேண்டியதாகும். மலை இறங்கும் வாகனத்துக்கு இவையாவும் தீமையே. நமது தோட்டப் பாதைகளில் சேற்றின் கீழே கல் இருப்பதால், உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே ஆழமான பல்லுள்ள ரயர் பெரும்பாலும் போதுமானது.

சில்லை மாற்ற விரும்புவோர் நான்கு விடயங்களைச் சரிபார்த்தல் வேண்டும்: நட்டுத் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத் துளையின் அளவு, சில்லு வெளியே தள்ளி நிற்கும் அளவு. வெளியே மிகத் தள்ளிய சில்லு பெயரிங்கை விரைவில் அழிக்கும். இரும்புச் சில்லுக்குரிய நட்டுகளை அலுமினியக் கலப்புச் சில்லுக்கு இடாதீர்கள். பிடிக்கும் முகம் வேறாகலாம். கல்லில் மோதினால் இரும்புச் சில்லு வளையும், தட்டி நிமிர்த்தலாம். கலப்புலோகச் சில்லு வெடிக்கும். புதிதாய்ப் பூட்டிய சில்லின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் இறுக்குக. நாற்சில்லு இழுவையுள்ள ஜீப்பில் நான்கு ரயர்களும் ஒரே அளவினவாயிருத்தல் வேண்டும். வாகனத்தின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது நன்று.

காற்றின் அளவு

காற்றுக் குறைந்தால் ரயர் பரந்து நிலத்தை நன்கு பற்றும். மண்ணும் குறைவாகவே இறுகும். காற்று மிகுந்தால் வீதியில் பாரம் தாங்கும். நாற்சில்லு இயந்திரத்தின் பின் ரயர்களுக்கு வயலில் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 16 இறாத்தல் வரை போதும். பாரப் பெட்டியுடன் வீதிக்கு வருமுன், கைந்நூலில் கூறிய அளவுக்குக் காற்றை ஏற்றுதல் வேண்டும். இருபுறமும் சமமாக இருத்தல் இன்றியமையாதது.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

1. சேற்றில் புதைந்த சில்லில் மரக்கட்டையையோ சங்கிலியையோ கட்டி இயக்காதீர்கள். சில்லு சுழல இயலாதபோது எஞ்சின் இயந்திரத்தின் முன்பக்கத்தையே தூக்கி, ஓட்டுநர் மீது பின்புறமாய்க் கவிழ்த்துவிடும். தப்பிக் குதிக்க நேரம் இராது. சேற்றைத் தோண்டி, பின்னோக்கி எடுக்க முயல்க. அல்லது வேறோர் இயந்திரத்தால் இழுப்பிக்க.

2. இரு சில்லு இயந்திரம் பாரப் பெட்டியுடன் மலை இறங்கும்போது, பெட்டி இயந்திரத்தைத் தள்ளும். அவ்வேளை இடப்புறக் கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லு கட்டற்று முந்தி ஓடும். இயந்திரம் வலப்புறம் திரும்பும். சமநிலத்தில் பழகிய கை இவ்விடத்தில் பள்ளத்துக்கு வழிகாட்டும். இறக்கத்தில் கிளச்சைத் தொடாது கைபிடியாலேயே திருப்புக. இறங்குமுன் தாழ்ந்த கியரை இடுக; இடையில் மாற்றாதீர்கள். பெட்டியின் பிரேக்கைச் சோதித்த பின்னரே புறப்படுக.

3. சரிவில் உழுவோர் சில்லுகளுக்கு இடையிலுள்ள அகலத்தைக் கூட்டுதல் நலம்.

4. சில்லுத் தடங்கள் மழையில் ஓடைகளாகி மண்ணைக் கரைக்கும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்த மண்சரிவு, இம்மலைகளில் நீர் நிறைந்த மண் எத்துணைக் கொடியது என்பதைக் காட்டிற்று. கனமழையின்போது சரிவுப் பாதைகளைத் தவிர்த்து, மழை விட்டதும் தடங்களை மூடி, நீரைப் பக்க வடிகாலுக்குத் திருப்புக.

சில்லுடன் வரும் நோய்

பல்லிடைச் சேறு வெறும் மண் அன்று. கோவாவின் வேர்களைக் கட்டிகட்டியாய்ப் பருக்கச் செய்யும் நோய்க் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் வாடல் நோயைத் தரும் பற்றீரியாவும் மண்ணுடன் பரவும். வயலில் பன்றி நெல் விதையும் இயந்திரங்களுடன் இடம் பெயர்கின்றது. எனவே, வாடகை இயந்திரமாயினும் சொந்த இயந்திரமாயினும், ஒரு நிலத்தை விட்டு மறு நிலம் புகுமுன் சில்லுகளைச் சுரண்டிக் கழுவுக. கழுவிய நீரை வாய்க்காலில் விடாதீர்கள். ஆழமான பல்லுள்ள ரயர் கூடுதலான மண்ணைச் சுமக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

முடிவாக

விலை உயர்ந்த ரயரே சிறந்த ரயர் என்பதில்லை. நிலத்தைத் தடியால் சோதித்து, வேலையின் அளவை எண்ணி, இலக்கத்தையும் ஆண்டையும் வாசித்து, அதன் பின்னரே பணத்தைக் கொடுங்கள். ஐயம் எழுமாயின் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடமோ, கமநல சேவை நிலையத்திலோ கேட்டறியுங்கள். பெரும்போக மழை தொடங்கியபின் சில்லைத் தேடி அலைவதிலும், அதற்கு முன்னரே ஒரு நாள் ஒதுக்கி இயந்திரத்தின் நான்கு புறமும் பார்த்து வைத்தல் மேல்.