யாருடைய ஒப்புதல்?

'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று முதற் குலோத்துங்கனை வரலாறு போற்றும். அவனுக்குப் பின்வந்த ஆட்சிகள் சுங்கத்தைக் கைவிடவில்லை என்பதற்கு நம் வடசென்னை டோல்கேட்டின் பெயரே சான்று. சாலையில் செல்வோரிடம் பணம் பெறுவது பழைய முறை. சாலையாலும் ரயிலாலும் விலையேறும் நிலமும் செலவில் பங்கு தரட்டும் என்பது புதிய முறை. மைய அரசின் 2017 ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை இதனையும் வலியுறுத்துகிறது. பொதுப் பணிக்காக நிலத்தின்மீது வரி சுமத்தவோ, நிலத்தையே எடுக்கவோ, யாருடைய ஒப்புதல் வேண்டும்? இதுவே நான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் வரியைக் காண்போம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978 இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பு சொத்துவரிக்கு உச்சவரம்பு கட்டியது. சாலைக்கும் பள்ளிக்கும் பணமின்றி உள்ளாட்சிகள் தவித்தன. 1982 இல் மெல்லோ-ரூஸ் சட்டம் வந்தது. ஒரு பகுதியைத் தனி வட்டாரமாக்கி, அங்கு மட்டும் சிறப்பு வரி விதித்து, அந்த வருவாயைக் காட்டிக் கடன் பத்திரம் வெளியிடலாம். அதற்கு மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை. ஆனால் அங்கே பதிவுபெற்ற வாக்காளர் 12 பேருக்கும் குறைவெனில் நில உடைமையாளரே வாக்களிப்பர்; ஏக்கருக்கு ஒரு வாக்கு! மனை பிரிக்கும் நிறுவனம் வெற்று நிலத்தை வைத்துக்கொண்டு ஒப்புதல் தந்துவிடும். பின்னாளில் வீடு வாங்கிக் குடியேறுவோர் ஆண்டுதோறும் வரி கட்டுவர்.

நம் நாட்டில் நிலமெடுப்புக்கான ஒப்புதல் விதியை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் 80 விழுக்காடு, அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் பணியானால் 70 விழுக்காடு குடும்பங்கள் இசைய வேண்டும். அரசே தன் பொறுப்பில் செய்யும் பணிக்கு ஒப்புதல் விதியே இல்லை. ஏக்கரை எண்ணாமல் குடும்பத்தை எண்ணுவதால் கலிபோர்னிய முறையினும் இது மேலானது என்றே முதலில் தோன்றும்.

ஆயின் எந்தக் குடும்பங்கள்? 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற சொல்லுக்குச் சட்டம் விரிந்த பொருள் தருகிறது. நிலமுடையோர், குத்தகைதாரர், நீர்நிலையை நம்பி வாழும் மீனவர், நகர்ப்புற நிலத்தில் மூன்றாண்டுகள் குடியிருந்தோர் யாவரும் அதில் அடங்குவர். ஒப்புதல் கேட்கும் இடத்திலோ நிலம் உடையோரும், அரசிடம் நிலம் ஒதுக்கப்பெற்றோரும் மட்டுமே எண்ணப்படுவர். ஓர் எடுத்துக்காட்டு: நூறு குடும்பங்கள் உள்ள இடத்தில் இருபது குடும்பங்களுக்கே நிலம் சொந்தம் என்று கொள்வோம். பதினாறு குடும்பங்கள் தலையசைத்தால் 80 விழுக்காடு நிறைந்துவிடும். மற்ற எண்பது குடும்பங்களுக்கு மறுவாழ்வு உண்டு, வாக்கு இல்லை.

டோல்கேட்டில் வாடகை வீட்டில் வளர்ந்தவன் நான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தது, பயணம் எளிதாயிற்று. நிலமதிப்பு உயர்ந்தால் வீட்டுக்காரர் மகிழ்வார், வாடகைக்காரர் அஞ்சுவார். இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள்.

நிலமற்றோர் வாய்திறக்க அச்சட்டம் வைத்த வாயில் சமூகத் தாக்க மதிப்பீடும் அதன் பொது விசாரணையுமே. தமிழகத்தில் அதுவும் பெரும்பாலும் அடைபட்டது. தொழில் நிலமெடுப்புச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு 105-அ பிரிவின் வழி விலக்கு அளிக்கப்பட்டது. இழப்பீட்டு, மறுவாழ்வு விதிகள் மட்டும் பொருந்தும். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் இதனைச் செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது.

என் கருத்து இதுதான். மறுவாழ்வு தருவதற்காக, மூன்றாண்டுகள் குடியிருந்தோரையும் கடலை நம்பியோரையும் அதிகாரிகள் எப்படியும் வீடுவீடாகக் கணக்கெடுக்கத்தான் வேண்டும். அப்பட்டியலையே ஒப்புதலுக்கும் பயன்படுத்தினால் கூடுதல் செலவு மிகச் சிறிதே.