தங்கிக் கற்றல்

நுழையும்முன்

ஒரு மொழியை நூல்வழி அறிவது ஒருவகை. அம்மொழி வழங்கும் மண்ணில் வாழ்ந்து அறிவது மற்றொரு வகை. இருநாட்டுக் கல்வி நிறுவனங்கள் தம்முள் ஒப்பந்தம் செய்துகொண்டு, மாணவரை ஒருவர்க்கொருவர் அனுப்பியும் ஏற்றும் பயிற்றுவிக்கும் முறை மாணவர் பரிமாற்றம் எனப்படும். ஜப்பானிய மொழியைக் கற்க இம்முறையில் ஜப்பானுக்குச் செல்லும் மாணவர் அங்கு எவற்றைப் பெறுகிறார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

சொல்லின் வரலாறு

அயல்நாட்டில் பயிலும் மாணவரை ஜப்பானியர் 'ர்யூகக்குசெய்' என்பர். 'தங்கிக் கற்கும் மாணவர்' என்பது இச்சொல்லின் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடைய சொல் இது. கி.பி. 630 முதல் ஜப்பானிய அரசு சீனத்தின் தாங் பேரரசுக்குத் தூதுக்குழுக்களை அனுப்பியது. தூதர்களுடன் திரும்பிவிடாமல் பல்லாண்டுகள் அங்கேயே தங்கிக் கற்றவர்களே இப்பெயரைப் பெற்றனர்.

அவர்களுள் ஒருவர் அபே நொ நகமாரோ. 717-ஆம் ஆண்டு இளைஞராகச் சென்ற அவர், சீன அரசில் பதவி வகித்தார். தாயகம் திரும்ப அவர் ஏறிய கப்பல் புயலில் திசைமாறியது. 770-இல் சீன மண்ணிலேயே அவர் மறைந்தார். இருபதாண்டுகள் தங்கிக் கற்குமாறு 804-இல் அனுப்பப்பட்ட கூக்காய் என்னும் துறவியோ, இரண்டே ஆண்டுகளில் கற்க வேண்டியவற்றைக் கற்று 806-இல் தாயகம் திரும்பினார். ஜப்பானின் பண்பாட்டு வரலாற்றில் தங்கிக் கற்றவர்களின் பங்கு பெரிது என்பதற்கு இவர் சான்றாவார்.

எழுத்துகளின் வரிசை

ஜப்பானிய மொழியில் ஹிரகானா, கத்தகானா என்னும் இருவகை அசையெழுத்துகள் உள்ளன. இவை ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. இவற்றுடன், சீனத்திலிருந்து பெற்ற கான்ஜி என்னும் பொருளெழுத்துகளும் கலந்து எழுதப்படும். நாள்தோறும் பயன்படுத்துவதற்கென 2010-ஆம் ஆண்டு திருத்தியமைக்கப்பட்ட அரசுப் பட்டியலில் 2136 கான்ஜி எழுத்துகள் உள்ளன.

கானா எழுத்துகளின் வரிசை தமிழ் மாணவருக்கு வியப்பளிக்கும். 'அ, இ, உ, எ, ஒ' என்பன உயிர்கள். மெய்வரிசைகளோ 'க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ' என அமையும். இவற்றுள் ஹகர வரிசை பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பர் மொழியியலார். அவ்வாறு கொண்டால் இது நாம் நன்கறிந்த வரிசையே அன்றோ? கூக்காய் போன்ற துறவியர் பௌத்த நூல்களுடன் 'சித்தம்' என்னும் இந்திய எழுத்துமுறையையும் ஜப்பானுக்குக் கொண்டுவந்தனர். பின்வந்தோர் அதன் ஒலியியல் அடிப்படையில் தம் எழுத்துகளை முறைப்படுத்தினர்.

ஒப்புமையும் உறவும்

வாக்கிய அமைப்பிலும் தமிழ் மாணவர் அயன்மை உணர்வதில்லை. எழுவாய் முதலில் வரும். பயனிலை இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் சேரும். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ஜப்பானியத்தில் கூறலாம். 'தபெத்தே மிரு' என்பதற்கு 'உண்டு பார்' என்பது நேர்பொருள். அதில் உள்ள 'மிரு' என்னும் சொல், தமிழின் 'பார்' போலவே, துணைவினையாகி முயன்று பார்த்தலைக் குறிக்கிறது. 'கைத்தே ஒக்கு' என்பது 'எழுதி வை' என்பதாகும்.

சுட்டுப்பெயர்களிலும் ஓர் ஒப்புமை உண்டு. பேசுபவர் அருகில் இருப்பது 'கொரே', கேட்பவர் அருகில் இருப்பது 'சொரே', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'அரே', வினாவுக்கு 'தொரே'. தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைக் கூறுகிறது. அவற்றுள் உகரச் சுட்டு தமிழகப் பேச்சில் மறைந்தாலும், யாழ்ப்பாணத் தமிழில் 'உது' என இன்றும் வழங்குகிறது. அதனை அறிந்தவருக்குச் 'சொரே' எளிதில் விளங்கும்.

இத்தகைய ஒப்புமைகளைக் கண்ட ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008), இருமொழிகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு எனக் கருதி நெடுங்காலம் ஆராய்ந்தார். எனினும் மொழியியலார் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. அமைப்பில் ஒத்திருப்பது வேறு; ஒரே மூலத்தில் பிறந்திருப்பது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். உறவு மெய்ப்பிக்கப்படாவிடினும், ஒப்புமை கற்பவருக்குத் துணைசெய்யும்.

உள்ளும் புறமும்

இலக்கணம் எளிதாகிவிட்டதால் மொழி எளிதாகிவிடுமா? இங்குதான் தங்கிக் கற்றலின் தேவை புலப்படுகிறது.

தமிழில் நம் தாயைப் பற்றி எவரிடம் பேசினாலும், 'அம்மா வந்திருக்கிறார்கள்' என உயர்த்தியே கூறுகிறோம். ஜப்பானியத்தில் முறை வேறு. வீட்டில் தாயை 'ஒக்காசான்' என மதிப்புடன் அழைக்கும் மகள், பிறரிடம் அவரைக் குறிப்பிடும்போது 'ஹஹா' என்னும் பணிவுச்சொல்லையே பயன்படுத்துவாள். கேட்பவரின் தாயைக் குறிப்பிட மட்டும் மீண்டும் 'ஒக்காசான்' வரும். அலுவலகத்திலும் அவ்வாறே. நாள்தோறும் 'சான்' என்னும் மதிப்பொட்டுச் சேர்த்து அழைக்கும் மேலாளரின் பெயரை, வெளியாரிடம் கூறும்போது ஒட்டின்றியே கூறுவர். தம்மவரைத் தாழ்த்திப் பிறரை உயர்த்தும் இம்முறைக்கு 'உச்சி' (உள்), 'சொத்தோ' (புறம்) என்னும் பாகுபாடு அடிப்படையாகும்.

'உண்' என்பதற்குப் பொதுச்சொல் 'தபெரு'. பிறர் உண்பதை உயர்த்திக் கூறுவது 'மெஷியகரு'. தாம் உண்பதைப் பணிந்து கூறுவது 'இத்ததக்கு'. உணவுக்கு முன் ஒவ்வொருவரும் கூறும் 'இத்ததக்கிமாஸ்' என்பது இப்பணிவுச்சொல்லின் வடிவமே. மூன்று சொற்களையும் ஒரே நாளில் மனனம் செய்துவிடலாம். யாரிடம், எப்போது, எதைக் கூறுவது என்பதோ நாள்தோறும் கேட்டுக் கேட்டுப் படிய வேண்டிய ஒன்று.

சொல்லாமல் விடுவதும் அங்கு மொழியின் பகுதியே. ஓர் அழைப்புக்கு மறுமொழியாக, 'கொஞ்சம்' எனப் பொருள்படும் 'ச்சொத்தோ' என்னும் சொல்லைக் கூறி ஒருவர் நிறுத்திவிட்டால், 'இயலாது' என்பது அதன் கருத்து. ஒருவர் பேசும்போது கேட்பவர் இடையிடையே 'ஹை' என்பார். 'ஆம்' என்னும் பொருளுடைய இச்சொல், அங்கு உடன்பாட்டைக் குறிப்பதாகாது. கதை கேட்பவர் 'உம்' கொட்டுவதைப் போன்றது. இதனை அறியாதவர், தம் கருத்தைப் பிறர் ஏற்றுக்கொண்டதாகவே எண்ணி வீடு திரும்புவர்.

வீடும் பள்ளியும்

பள்ளிப் பரிமாற்ற மாணவர் பெரும்பாலும் ஒரு ஜப்பானியக் குடும்பத்துடன் தங்குவார். வாயிலில் காலணியைக் கழற்றி உள்ளே வரும்போது 'ததாய்மா' (இதோ வந்துவிட்டேன்) என்பதும், வீட்டார் 'ஒக்காயெரி' (வந்தாயா) என வரவேற்பதும் வழக்கம். பள்ளியில் வகுப்பறையை மாணவர்களே தூய்மை செய்வர். மேல்வகுப்பு மாணவர் 'செம்பாய்', கீழ்வகுப்பு மாணவர் 'கோஹாய்'. இவ்வுறவுகளுக்குள் நுழைபவர் மதிப்புச்சொற்களைத் தாமே உணரத் தொடங்குகிறார்.

தொடக்க மாதங்கள் எளியவை அல்ல. தாய்மொழியில் நகைச்சுவையாகவும் நுட்பமாகவும் பேசுபவர், அங்கே ஒரு சிறு குழந்தையின் சொற்களுடன் நிற்க நேரும். பிறர் சிரிக்கும்போது காரணம் விளங்காமல் அமர்ந்திருப்பதும், நள்ளிரவில் வீட்டு நினைவு வருவதும் இயல்பே. தம் மொழி பேசும் நண்பர்களிடம் மட்டுமே ஒதுங்கிக்கொள்பவர், ஓராண்டு கழித்தும் நூல்மொழியுடனே திரும்புவார். பிழையாகவேனும் பேசத் துணிபவருக்கே மொழி கைவரும்.

தெரிந்து தெளிவோம்

'ஹஷி' என்னும் ஒலிக்குப் 'பாலம்' என்றும் 'உணவுக்குச்சி' என்றும் பொருளுண்டு. டோக்கியோவில் முதலசையை உயர்த்தி ஒலித்தால் உணவுக்குச்சி. இரண்டாம் அசையை உயர்த்தினால் பாலம். ஒசாகா, கியோட்டோ பகுதிகளிலோ இம்முறை தலைகீழாகும். இவ்வேறுபாட்டை எழுத்து காட்டாது; செவியே காட்டும்.

வாய்ப்புகள்

ஜப்பானிய மொழித்திறன் தேர்வு 1984-இல் தொடங்கியது. தற்போது ஐந்து நிலைகளில் நடைபெறும் இத்தேர்வுக்குச் சென்னையும் ஒரு மையமாகும். படித்தறிதலையும் கேட்டறிதலையும் சோதிக்கும் இத்தேர்வில் பேச்சுத்தேர்வு இல்லை. ஆகவே சான்றிதழ் பெற்ற ஒருவர்க்கும் பேச்சுப் பயிற்சி எஞ்சியிருக்கலாம்.

ஜப்பானிய அரசின் கல்வி அமைச்சகம், தாயகப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழியைச் சிறப்புப்பாடமாகப் பயிலும் இளநிலை மாணவர்க்கு, ஏறத்தாழ ஓராண்டு அங்கே பயில உதவித்தொகை வழங்குகிறது. ஆசிய நாடுகளின் பள்ளி மாணவர்க்கெனத் தொடங்கிய 'ஆசிய ககேஹாஷி' திட்டத்தில் இந்திய மாணவர்களும் இடம்பெற்றுள்ளனர். 'ககேஹாஷி' என்பதற்குப் பாலம் என்பது பொருள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், நம் பள்ளியாண்டுடன் அதனை ஒப்பிட்டு முன்னரே திட்டமிடுதல் வேண்டும்.

பரிமாற்றம் என்னும் கடமை

பரிமாற்றம் என்பது கொள்ளலும் கொடுத்தலும் ஆகும். அங்குள்ள நண்பர்கள், 'உங்கள் மொழியில் எத்தனை எழுத்துகள்? அம்மொழி எவ்வளவு பழமையானது? உங்கள் ஊரில் அறுவடைத் திருநாளை எவ்வாறு கொண்டாடுவீர்கள்?' எனக் கேட்பர். விடை கூற முற்படும்போதுதான், நாம் எண்ணிப் பாராமலே பேசிவந்த தமிழை முதன்முறையாக வெளியிலிருந்து நோக்குகிறோம். தம் மொழியைச் செம்மையாக அறிந்தவரே பிறமொழிக்காரரிடம் அதனை எடுத்துரைக்க இயலும். மாணவர்களே, அயல்மொழி கற்கப் புறப்படும் முன்னர்ச் செய்யத்தக்க முதல் ஆயத்தம் இன்றைய தமிழ் வகுப்பிலேயே தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. தமிழில் மதிப்புப்பன்மை வழங்கும் இடங்களைத் தொகுத்து, ஜப்பானிய முறையுடன் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

2. 'எழுதி வை', 'உண்டு பார்' என்பன போன்று துணைவினை அமைந்த பத்துத் தொடர்களை எழுதி, துணைவினை உணர்த்தும் பொருளை விளக்குக.

3. உங்கள் வகுப்புக்கு ஜப்பானிய மாணவர் ஒருவர் ஓராண்டு பயில வருகிறார் எனக் கொண்டு, முதல் வாரத்தில் அவருக்குக் கற்பிக்க வேண்டிய தமிழ்த் தொடர்களைப் பட்டியலிடுக.