தாய் வீடு திரும்பும் வரை

கேள்வி: மனோதத்துவத்தில் பட்டம் பெற்றிருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கோபம், பயம், பொறாமை முதலியவற்றை அறிந்து நடந்துகொள்ளப் பழக்கும் சிறு நிலையம் ஒன்றைத் தொழிலாகவே தொடங்க எண்ணுகிறேன். வீட்டை ஒட்டி ஓர் அறையும், கையில் 40,000 ரூபாயும் இருக்கின்றன. ஆனால் விசாரித்த பெற்றோரெல்லாம் ‘மார்க் கூடுமா?’ என்றே கேட்கிறார்கள். இது பிழைப்புக்கு ஆகுமா?

— ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: சகோதரி, அந்தக் கேள்வியைக் குறையாக எண்ண வேண்டாம். கொழுந்தெடுத்துக் கூலி பெறும் ஒரு தாய், அதில் ஒரு பங்கைத் தங்களிடம் கொடுக்குமுன் பிரயோஜனம் என்னவென்று விசாரிப்பது நியாயமே. ஸலோவி, மேயர் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் 1990-இல் வகுத்துரைத்து, டேனியல் கோல்மன் 1995-இல் எழுதிய நூலால் உலகெங்கும் பரவிய ‘உணர்ச்சி நுண்ணறிவு’ என்னும் சரக்கு, அந்தப் பெயரோடு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் விலைபோகாது. விற்கவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தாய்க்கு வேண்டியது வேறு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்கும்படி விதித்தது. ஆறைத் தாண்டிய பிள்ளை, பள்ளி விட்டு வந்து, தாய் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயம் திரும்பும் வரையில், கைப்பேசியோடும் மூத்த பையன்களின் அதட்டலோடும் கழிக்கிற நேரத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தங்கள் தொழில் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஆகவே, முதல் அரைமணி வீட்டுப்பாடம் என்று பெயர்ப்பலகையில் தாராளமாக எழுதுங்கள். மிச்ச நேரம் தங்களுடையது.

அந்த மிச்ச நேரத்திற்கு உபதேசம் உதவாது. 1939-இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையாரின் அழைப்பில் இந்தியா வந்து, உலகப் போரால் ஊர் திரும்ப இயலாமற்போன மரியா மாண்டிசோரி அம்மையார், 1942 முதல் 1944 வரை நம் மலைக்கு அப்புறத்துக் கொடைக்கானலிலேயே தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒருங்கே வைத்துக் கற்பித்தார். அவர் முறையில் ஒவ்வொரு சாதனமும் வகுப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அடுத்தவன் கையில் இருப்பதை வேண்டுகிறவன் காத்திருந்தே பெறவேண்டும். தாங்களும் பல்லாங்குழி ஒன்றே வாங்குங்கள், சிக்கனமும் ஆயிற்று. ஆட்டத்தில் புளியங்கொட்டையெல்லாம் பறிகொடுத்த சிறுமி பலகையைத் தட்டிவிட்டால், ‘ஸாரி சொல்லு’ என்று அதட்டாமல், சிதறியவற்றை அவளோடு உட்கார்ந்து பொறுக்குங்கள். கைக்கு வேலை இருக்கும்போதுதான், அன்று காலையில் அவளுடைய மலையாளத்தைக் கேட்டு வகுப்பே சிரித்த கதை மெல்ல வெளிவரும். அதை அவள் தமிழிலேயே சொல்லி முடிக்கட்டும்.

கைவேலையின் மகிமைக்கு மூணாற்றின் ‘சிருஷ்டி’ கண்ணெதிரே இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக 1991-இல் ஒரு சிறு பள்ளியோடு தொடங்கிய அம்முயற்சி, காகிதம் செய்யும் ‘அதுல்யா’, யூகலிப்டஸ் இலையிலும் தேயிலைக் கழிவிலும் சாயமெடுத்துத் துணி தோய்க்கும் ‘ஆரண்யா’ என்று தொழிற்கூடங்களாகக் கிளைத்தது. அதன் பின்னால் பெரிய தேயிலைக் கம்பெனி ஒன்று நின்றது. தங்கள் பின்னால் நிற்பது 40,000 ரூபாய்.

அதனால் கணக்கையும் பார்ப்போம். தலைக்கு மாதம் 400 என்று 15 பிள்ளைகள் வந்தால் 6,000. சுண்டலும் கட்டன்சாயாவும், துணைக்கு வரும் அம்மாளின் சம்பளமும் போக மிஞ்சுவது சொற்பமே. என்றாலும் 15-ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் அது இன்னொரு டியூஷன் ஆகிவிடும். சனி, ஞாயிறுகளில் குமுளியில் ஓர் இடம் பிடித்து, ஏலக்காய் வியாபாரிகள், விடுதிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் களிமண் வேலையும் நாடகமும் கூடுதல் கட்டணத்தில் நடத்துங்கள். அந்த வரும்படி தோட்டத்து அறையைத் தாங்கும். முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 வரை கடன் உண்டு. முதலாண்டு அதைத் தொட வேண்டாம்.

பஞ்சாயத்து லைசென்ஸும், சிறுதொழில்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவும் சுலபம். கடினமானது வேறொன்று. மனம் திறக்கப் பழகிய பிள்ளை, ஒருநாள் தனக்கு நேர்ந்த பாலியல் தீங்கையும் சொல்லக்கூடும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவிப்பது தங்கள் கடமை, குற்றவாளி சொந்தக்காரனானாலும் மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரிலேயே எழுதிவையுங்கள். ‘சிகிச்சை’ என்ற சொல் மட்டும் பலகையில் வேண்டாம். அது தேவைப்படும் பிள்ளையை அதற்கென்று பதிவு பெற்ற நிபுணரிடம் அனுப்பிவிடுவதே முறை.

ஜூனில் தொடங்காதீர்கள். புத்தகத்துக்கும் குடைக்கும் செலவழித்த கை வெறுங்கையாக இருக்கும். கனமழையால் பள்ளியே சில நாள் மூடிக்கிடக்கும். ஓணம் விடுமுறை கழிந்து வகுப்பு திறக்கும் வாரம் ஏற்றது. கட்டணத்தைச் சம்பள நாளுக்கு மறுநாள் கேளுங்கள்.