தொலை அணுகல்: செலவுக்கேற்ற பலன் தருமா?

கேள்வி: அலுவலகக் கணினியை வெளியிலிருந்து இயக்கும் வசதிக்குச் சிறு நிறுவனம் செலவு செய்யலாமா?

பதில்: எந்த வேலை அலுவலகக் கணினியிலேயே முடங்கிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே இதன் மதிப்பு அமையும். டேலி கணக்கு ஒரே கணினியில் இருக்கும் கடைக்கு, ஜிஎஸ்டி தாக்கலின்போது கணக்காளரின் அலைச்சல் மிச்சம். கோப்புகள் ஏற்கெனவே கிளவுடில் இருந்தால் பலன் சொற்பமே. சந்தாவோடு யுபிஎஸ் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணினி அணைந்தால் அணுகலும் போய்விடும்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடிவிட வேண்டும். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கின் வழியாகத்தான். அதற்குக் கடவுச்சொல் மட்டுமே காவல். ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு கிடையாது. எரிபொருள் குழாய் பல நாட்கள் நின்றுபோனது. சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகையும் கைமாறியது.