எத்தனை பேருக்கான கூடாரம்?

முகாம் என்றதும் நம்மில் பலருக்குச் சாரணர் இயக்கமும் பள்ளிச் சீருடை இயக்கங்களும்தாம் நினைவுக்கு வரும். ஆனால், நீண்ட விடுமுறை நாள்களில் உலு லங்காட் ஆற்றோரங்களிலும் போர்ட்டிக்சன் கடற்கரையிலும் ஜண்டா பாயிக் மலையடிவாரத்திலும் கூடாரம் அடிப்பவர்களைப் பாருங்கள். பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பமாக வந்தவர்களும் அவர்களிடையே இருப்பார்கள். இத்தகைய குடும்பங்களை மனத்தில் கொண்டுதான் இரண்டு, மூன்று அறைகள் கொண்ட பெரிய கூடாரங்கள் விற்பனைக்கு வருகின்றன.

பெரியது என்பதாலேயே ஒரு கூடாரம் குடும்பத்திற்குப் பொருந்திவிடாது. சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒருவர் இரவு முழுவதும் உறங்காமல் அவதிப்படுவார்; இன்னொருவர் வீட்டிலேயே தங்கிவிடுவார். எனவே, வாங்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அறிந்துகொள்வோம்.

பையின் மேல் உள்ள எண்

கூடாரப் பையின் மேல் ‘6 பேர்’, ‘8 பேர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த எண் எப்படிக் கிடைக்கிறது? பொதுவாக ஒருவர் படுப்பதற்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்கிடுவார்கள். ஆறு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் 360 சென்டிமீட்டர். அதுவே ஆறு பேருக்கான கூடாரம். இந்தக் கணக்கில் துணிப்பைக்கு இடமில்லை. புரண்டு படுக்கவும் இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தில் பாட்டி, அப்பா, அம்மா, படிவம் நான்கில் பயிலும் மகள், அவளுடைய இரு தம்பியர் என ஆறு பேர் உள்ளனர். பாட்டிக்கு மடக்குக் கட்டில் வேண்டும். அதன் அகலம் 75 சென்டிமீட்டர். அப்பா, அம்மாவுக்கு 140 சென்டிமீட்டர் அகலமுள்ள காற்று மெத்தை. பிள்ளைகள் மூவருக்கும் தலா 75 சென்டிமீட்டர் என்றால் 225 சென்டிமீட்டர். மொத்தம் 440 சென்டிமீட்டர்.

ஆறு பேருக்கான கூடாரத்தில் இருப்பதோ 360 சென்டிமீட்டர்தான். எட்டுப் பேருக்கான கூடாரத்தில் 480 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆகவே, இந்தக் குடும்பத்திற்கு எட்டுப் பேருக்கான கூடாரமே பொருந்தும். கடைக்குச் செல்லும் முன் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வரவேற்பறையில் பாய்களையும் மெத்தையையும் விரித்து, அளவுநாடாவால் அளந்தால் போதும்.

அறைகள் யாருக்காக?

கூடாரத்தை அறைகளாகப் பிரிப்பது புதிய வழக்கமன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான முல்லைப்பாட்டு, கார்காலத்தில் மன்னன் தங்கியிருக்கும் பாசறையைக் காட்டுகிறது. அங்கும் அவனுடைய படுக்கையிடம் திரையால் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இன்றைய கூடாரங்களிலும் துணித்திரைதான் சுவராக இருக்கிறது. அது பார்வையை மறைக்கும், ஓசையைத் தடுக்காது. அப்பாவின் குறட்டை அடுத்த அறைக்கு மட்டுமன்றி அடுத்த கூடாரத்துக்கும் கேட்கும்!

எத்தனை அறைகள் உள்ளன என்பதைவிட, ஒவ்வோர் அறையிலும் யார் தங்கப்போகிறார் என்பதே முக்கியம். நாம் பார்த்த குடும்பத்தில் பேச்சு இப்படித்தான் தொடங்கியது.

“நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்,” என்றார் பாட்டி.

“ஏன் பாட்டி? உங்களுக்கு ஆறு என்றால் பிடிக்குமே!” என்றாள் பேத்தி.

“பிடிக்கும்தான், கண்ணு. ஆனால், முட்டி வலியோடு குனிந்து தவழ்ந்து கூடாரத்துக்குள் போக முடியுமா? இரவில் இரண்டு முறை எழ வேண்டும். அப்போது உங்களை எல்லாம் தாண்டிக்கொண்டு எப்படி வெளியே வருவேன்?”

பாட்டி சொன்ன காரணங்கள் இரண்டு. அந்த இரண்டும் கூடாரத்தின் அமைப்பைச் சார்ந்தவை. நிமிர்ந்து நிற்கும் உயரமும் அகன்ற வாசலும் இருந்தால் அவர் தவழ வேண்டியதில்லை. அவருடைய அறை வாசலை ஒட்டி இருந்தால் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. பாட்டிக்கும் பேத்திக்கும் ஓர் அறை. அதற்கு 150 சென்டிமீட்டர் அகலம் தேவை. ஆகவே, மூவருக்கான 180 சென்டிமீட்டர் அறை சரியாக இருக்கும். அப்பா, அம்மா, தம்பியர் இருவருக்கும் 290 சென்டிமீட்டர் தேவை. அவர்களுக்கு ஐவருக்கான 300 சென்டிமீட்டர் அறை போதும். நடுவில் உள்ள கூடம் பைகளை வைக்கவும் மழைநேரத்தில் அமர்ந்து பேசவும் பயன்படும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் புகாமல் இருப்பதற்காகத் தரைத்துணியின் விளிம்பை வாசலில் சற்று உயர்த்தித் தைத்திருப்பார்கள். இருட்டில் அது காலை இடறிவிடும். விளிம்பைத் தாழ்த்திவிடக்கூடிய வாசல் உள்ள கூடாரம் முதியவர்களுக்கு நல்லது. ஒரு சிறு விளக்கை வாசலருகே தொங்கவிடுவதும் உதவும்.

மழையும் வெப்பமும்

கூடாரத் துணியின் மீது 1500 மி.மீ., 3000 மி.மீ. போன்ற அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். இவை மழையின் அளவைக் குறிப்பன அல்ல. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி, அதில் நீரைச் சிறிது சிறிதாக நிரப்பிச் சோதிப்பார்கள். எந்த உயரத்தை எட்டும்போது நீர் துணியைத் துளைத்துக் கசியத் தொடங்குகிறதோ, அந்த உயரமே இந்த எண். மழையைத் தாங்கும் துணிக்கு 1500 மி.மீ. என்பதைத் தொடக்க அளவாகக் கொள்வர். நம் நாட்டில் கொட்டும் மழைக்கு 3000 மி.மீ. அளவுள்ள துணி கூடுதல் நம்பிக்கை தரும். தரைத்துணிக்கு இதைவிட உயர்ந்த அளவு தேவை. ஏனெனில், நம் உடலின் எடை அதை ஈரத்தரையில் அழுத்துகிறது.

துணி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தையல் வழியாக நீர் இறங்கலாம். அதனால், தையல் வரிகளின் உட்புறத்தில் நாடா ஒட்டப்பட்டுள்ளதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெளித்துணி கூரையை மட்டும் மூடுகிறதா, தரைவரை இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். காற்றோடு மழை சாய்வாக அடிக்கும்போது இந்த வேறுபாடு புரியும்.

மழையைத் தடுக்கும் கூடாரம் காற்றையும் தடுத்துவிடக்கூடாது. நம் நாட்டின் தாழ்நிலப் பகுதிகளில் இரவிலும் புழுக்கம் இருக்கும். ஆறு பேர் விடும் மூச்சில் உள்ள ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளிகளாக மாறும். காலையில் எழுந்து, “கூரை ஒழுகிவிட்டது,” என்று பலரும் வருந்துவது இதைப் பார்த்துத்தான். உட்புறம் கொசுவலையும் வெளிப்புறம் மழைத்துணியும் இடையில் காற்றோட்டமும் உள்ள இரட்டை அடுக்குக் கூடாரமே இதற்குத் தீர்வு. ஒன்றுக்கொன்று எதிரெதிரே கொசுவலைச் சன்னல்கள் இருந்தால் இன்னும் நல்லது. குளிர்நாடுகளுக்கென்று தயாரிக்கப்பட்ட, காற்றை அடைத்துவைக்கும் கூடாரம், கேமரன் மலையில் இதமாக இருக்கலாம். கடற்கரையில் அது நம்மை வியர்வையில் குளிப்பாட்டிவிடும்.

கூடாரம் நிற்கும் தரை

6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள கூடாரத்தின் பரப்பளவு 24 சதுர மீட்டர். ஆனால், அதை இழுத்துக் கட்டும் கயிறுகளுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் விட்டால், தேவைப்படும் இடம் 8 மீட்டருக்கு 6 மீட்டர். அதாவது 48 சதுர மீட்டர். இடம் இரு மடங்காகிவிட்டது! முன்பதிவு செய்யும்போதே முகாம் தளத்தில் ஒரு குடும்பத்திற்கு ஒதுக்கப்படும் இடத்தின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில தளங்களில் கூடாரம் அமைக்க மரப்பலகை மேடைகள் உள்ளன. நீண்ட குகை போன்ற கூடாரங்கள், முளை அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். பலகையில் முளை அடிக்க முடியாது. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூடாரங்களோ குறுக்கே செல்லும் கம்புகளின் பலத்தில் தாமாகவே நிற்கும். அவற்றையும் காற்றில் நகராதபடி கட்டத்தான் வேண்டும். இருப்பினும், மேடையின் தூண்களிலோ விளிம்புகளிலோ கட்டிவிடலாம்.

சுமப்பதும் உலர்த்துவதும்

பெரிய குடும்பக் கூடாரம் 15 முதல் 25 கிலோகிராம்வரை எடை இருக்கக்கூடும். ஏழு இருக்கைகள் கொண்ட வாகனத்தில் மூன்று வரிசையிலும் ஆள்கள் அமர்ந்துவிட்டால் பின்னால் மிஞ்சும் இடம் குறைவு. பையின் நீளத்தை அளக்காமல் வாங்கினால், கூடாரம் பாட்டியின் மடியில்தான் பயணம் செய்யும்.

வீடு திரும்பியபின் இன்னொரு வேலை காத்திருக்கிறது. ஈரக் கூடாரத்தை மடித்தே வைத்தால் பூஞ்சணம் பிடித்து, துணி கெட்டுவிடும். தரைவீட்டில் முற்றம் இருக்கும். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் அவ்வளவு பெரிய துணியை எங்கே விரிப்பார்கள்? உள்ளறைகளைத் தனித்தனியாகக் கழற்றக்கூடிய கூடாரம் என்றால் பகுதி பகுதியாக உலர்த்தலாம். அதுவும் இயலாதவர்களுக்கு ஒரு பெரிய கூடாரத்தைவிட இரண்டு சிறிய கூடாரங்கள் ஏற்றவை. கூடாரங்களை வாடகைக்குத் தரும் முகாம் தளங்களும் உள்ளன. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பதற்கேற்ப, முதல் முறை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, பின்னர் வாங்குவது அறிவுடைமை.

கூடாரத்தால் செய்ய முடியாதவை

பல அறைகள் கொண்ட கூடாரத்தில் வீட்டில் இருப்பதைப் போன்ற எண்ணம் நமக்கு ஏற்படும். அந்த எண்ணத்தில் சிலர் கூடத்தில் அடுப்பு மூட்டிவிடுகின்றனர். இது பெரும் ஆபத்து. துணி தீப்பற்றலாம். கரி அடுப்பிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் அறியாமலேயே உயிரைப் பறித்துவிடும். எனவே, சமையல் எப்போதும் வெளியேதான்.

இடி, மின்னலின்போதும் கூடாரம் பாதுகாப்புத் தராது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பிற்பகலிலும் மாலையிலும் இடிமழை மிகுதி. அவ்வேளையில் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ சென்றுவிட வேண்டும். நவம்பர் முதல் மார்ச்சுவரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிழக்குக்கரை மாநிலங்களில் கனமழை பெய்யும். அப்போது அங்கே முகாமிடுவதைத் தவிர்ப்பது நல்லது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங்காலியில் ஒரு முகாம் தளத்தில் நிலச்சரிவு ஏற்பட்டது. உறக்கத்தில் இருந்த வேளையில் மண் மூடியதால் சிறுவர்கள் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். எத்தகைய கூடாரமும் சரியும் மலையைத் தடுத்து நிறுத்தாது. ஆகவே, செங்குத்தான சரிவின் அடியிலும் உச்சியிலும் கூடாரம் அடிக்கக்கூடாது. தளம் உரிமம் பெற்றதா என்று கேட்பதற்குத் தயங்கக்கூடாது.

ஆற்றங்கரையில் மலாய்மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு வரலாம். நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேல்பகுதியில் பெய்த மழை ஆற்றைப் பெருக்கிவிடும். தெளிந்த நீர் கலங்குவது, இலைகளும் குச்சிகளும் மிதந்து வருவது, நீர்மட்டம் உயர்வது, ஆற்றின் இரைச்சல் கூடுவது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை விட்டுவிட்டு உடனே மேட்டுக்குச் செல்ல வேண்டும். தென்னை, டுரியான் மரங்களின் கீழும் காய்ந்த கிளைகளின் கீழும் படுக்க வேண்டாம்.

கூடாரம் அமைத்த முதல் மாலையிலேயே குடும்பத்தார் அனைவரும் ஒரு பயிற்சி செய்யலாம். விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தம் அறையின் ஜிப்பைத் திறந்து வெளியே வர வேண்டும். பாட்டியின் கையை யார் பிடிப்பது, சிறிய தம்பியை யார் தூக்குவது, எல்லாரும் எங்கே ஒன்றுகூடுவது என்பவற்றை அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். அவசர எண் 999ஐச் சிறியவர்களும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்கு ஐந்து நிமிடம் போதும்.

சிந்தித்து விடை கூறுக

1. ‘6 பேர்’ என்று குறிக்கப்பட்ட கூடாரம் ஆறு பேர் கொண்ட குடும்பத்திற்குப் போதாமல் போவது ஏன்?

2. பாட்டி வீட்டிலேயே தங்கிவிட நினைத்ததற்கான காரணங்கள் யாவை? அவற்றைக் குடும்பத்தார் எவ்வாறு தீர்க்கலாம்?

3. காலையில் கூடாரத்தின் உட்புறம் ஈரமாக இருப்பதற்கு மழை மட்டும்தான் காரணமா? விளக்குக.

4. உங்கள் குடும்பத்தினரின் எண்ணிக்கை, வயது, தேவை ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, உங்களுக்கு ஏற்ற கூடாரத்தின் அமைப்பை வரைந்து, அறைகளின் அளவுகளைக் குறித்திடுக. உங்கள் தேர்வுக்கான காரணங்களை நண்பர்களுடன் கலந்துரையாடுக.