பெண்ணின் வால்வும் ஆணின் அளவுகோலும்

அன்புள்ள கயல்விழிக்கு,

"வால்வு ஆபரேஷனுக்கான ரிஸ்க் ஸ்கோரில் பெண் என்று குறித்தாலே ஆபத்து கூடுகிறதே சார், பெண்களின் இதயம் பலவீனமானதா?" என்று கேட்டாய். வகுப்பில் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டேன். கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை.

பலவீனம் என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. பெண்கள் ஆபரேஷனுக்கு வந்து சேர்வதே நோய் முற்றிய பிறகுதான். அதற்கு வீட்டார் பாதி காரணம் என்றால், நாம் பிடித்துத் தொங்கும் எண்கள் மீதி.

ஈரிதழ் வால்வுக் கசிவை எடுத்துக்கொள். மூச்சு வாங்காவிட்டாலும், சுருங்கி முடித்த நிலையில் இடது கீழறை 40 மில்லிமீட்டரைத் தொட்டால் அறுவை சிகிச்சை என்பது அமெரிக்க நெறி. ஆறடி ஆளுக்கும் 40, நாலே முக்காலடிப் பெண்ணுக்கும் 40! கணக்குப் போட்டுப் பார். உடற்பரப்பு 1.9 சதுர மீட்டர் உள்ள ஆணுக்கு 40 என்றால், சதுர மீட்டருக்கு 21. உடற்பரப்பு 1.4 உள்ள பெண்ணுக்கு 38 என்றால், 27. உடம்புக்கு மீறி விரிந்திருப்பது அவள் இதயம். "இன்னும் 40 வரவில்லை, ஆறு மாதம் கழித்து வாம்மா" என்று அனுப்புவதும் அவளைத்தான். பெருந்தமனி வால்வுக் கசிவுக்கு 50 மில்லிமீட்டருடன் சதுர மீட்டருக்கு 25 என்ற கணக்கும் நெறியிலேயே உண்டு. அதைப் படித்தவர்களே ஈரிதழ் வால்வுக்கு வந்ததும் வகுத்தலை மறந்துவிடுகிறார்கள். இது சோம்பல், வேறு பெயர் கிடையாது.

பெருந்தமனி வால்வுச் சுருக்கத்திலும் இதே கதை. ஆணின் வால்வில் சுண்ணாம்பு அதிகம் படியும்; பெண்ணின் வால்வு நார்த்திசு தடித்தே இறுகிவிடும். அதனால் சிடி ஸ்கேனின் சுண்ணாம்பு எண் ஆணுக்கு 2000, பெண்ணுக்கு 1200 என்று வைத்திருக்கிறார்கள். ஆணின் எண்ணை வைத்துப் பார்ப்பவர் அவளுக்கு "மிதமான சுருக்கம்" என்று எழுதிவிடுவார்.

இந்தச் சுருக்கத்துக்கான சிகிச்சையிலும் வித்தியாசம் உண்டு. ஐரோப்பாவில் பெண்களை மட்டுமே சேர்த்து நடத்திய ரியா ஆய்வை அவசியம் படி. 2024-இல் முடிவுகள் வந்தன. மரணம், பக்கவாதம், மறுபடி அட்மிஷன் மூன்றும் சேர்த்து ஓராண்டில் நெஞ்சைத் திறந்த பெண்களில் 15.6 சதவீதம், தொடை வழியாக வால்வு பொருத்தியவர்களில் 8.9. குறைந்தது பெரும்பாலும் மறுபடி அட்மிஷன்தான் என்பதையும் சேர்த்துப் படி.

அதெல்லாம் வயதானவர்களுக்கு. நம் வார்டில் நீ பார்ப்பவள் வாதக்காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கிய இளம்பெண். கர்ப்பத்தில் ரத்த அளவு பாதியளவு வரை கூடும்போதுதான் பலருக்கு நோயே தெரியவரும். உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் வேண்டும். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்தில் அது சிசுவின் உருவத்தையே கெடுக்கலாம். திசு வால்வு இளவயதில் சீக்கிரம் தேய்ந்து, இன்னொரு ஆபரேஷனைக் கொண்டுவரும். திருவனந்தபுரத்தில் அறுவை நிபுணர் வலியத்தானின் குழுவினர் உருவாக்கி 1990-இல் முதன்முதல் பொருத்திய சித்திரா வால்வால் ஏழைகள் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அதற்கும் வார்ஃபரின் வேண்டும். எந்த வால்வு என்பதை அந்தப் பெண்ணிடம் கேள். அவள் அப்பாவிடமோ மாமியாரிடமோ கேட்டு முடிவு செய்யாதே.

இனி நீ எழுதும் எக்கோ ரிப்போர்ட் ஒவ்வொன்றிலும், உடற்பரப்பைக் கணக்கிட, உயரமும் எடையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்